ஏர்ப்பேடு சென்று வந்தோம்

பாலசமுத்திரம் எல்லைப்புறத்து ஊர். 1953-இல் ஆந்திர மாநிலம் உதயமானபோதும், 1960-இல் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தபோதும், நம் ஊர் இப்பாலேயே நின்றுவிட்டது. வீட்டிலே தமிழ், வீதியிலே தெலுங்கு என்று வளர்ந்த நம் பிள்ளைகள் இன்று கணிப்பொறியின் மொழியையும் கற்று வருகின்றனர். சென்ற விடுமுறையில் ஊர் சென்றிருந்தபோது கண்ட ஒன்றை அன்பர்களுக்கு எழுத விரும்புகிறோம்.

நம் பால்ய நண்பரின் மகள் பி.டெக். தேறி, கேட் தேர்விலும் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். திருப்பதி ஐ.ஐ.டி.யில் கணிப்பொறி எம்.டெக். இடம் கிடைத்திருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி வழி எம்.எஸ். படிப்புக்கும் அழைப்பு வந்திருந்தது. தந்தையாருக்கோ வேறு எண்ணம். "கிணற்றடி நிலத்தை அடகு வைத்தாவது அமெரிக்காவுக்கு அனுப்புகிறேன். நீதான் ஒரு வழி சொல்லப்பா" என்றார்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தா என்ன சொல்வது? காணாத ஊருக்கு வழி சொல்லலாகாது என்றெண்ணி மூவருமாகப் புறப்பட்டோம். புத்தூரில் வண்டியேறி, ரேணிகுண்டாவில் மாறி, கூடூர் மார்க்கத்தில் ஏர்ப்பேடு சேர்ந்தோம்.

2015-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் வழிகாட்டுதலோடு தற்காலிகக் கட்டடங்களில் தொடங்கிய கலாசாலை, இன்று இங்கே சொந்த இடத்தில் நிற்கிறது. அங்குப் பயிலும் மாணவி ஒருத்தி பொறுமையாக விளக்கினாள்: எம்.டெக்.கில் முதலாண்டு பெரும்பாலும் பாடங்கள், பின்னர் திட்டப்பணி, ஈராண்டில் முடியும். எம்.எஸ்.ஸில் பாடம் குறைவு. ஒரே கேள்வியைத் துருவி ஆராய்ந்து ஆய்வேடு எழுதவேண்டும். ஈராண்டைத் தாண்டுவதும் உண்டு. வழிகாட்டும் பேராசிரியர் வாய்ப்பதே பாதிப் படிப்பு. இரண்டிலும் மாத உதவித்தொகை பெற வழியுண்டு.

திரும்பும் வண்டியில் அப்பெண் மெல்லச் சொன்னாள்: "மாமா, ஒரு கேள்வியைப் பற்றிக்கொண்டு உட்காரத்தான் எனக்கு ஆசை. ஆனால் தம்பியும் படிக்கவேண்டுமே. சீக்கிரம் வேலைக்குப் போகவேண்டாமா?"

தந்தையார் நெடுநேரம் சன்னலுக்கு வெளியே நோக்கியிருந்தார். புத்தூர் நெருங்கும்போது, "தம்பியின் படிப்பு என் பாடு. நிலம் நம்மிடமே இருக்கட்டும். நீ சென்னைக்கே போ, அம்மா" என்றார்.

அன்றிரவே அவளிடம் ஒன்று வலியுறுத்தினோம். ஐ.ஐ.டி.க்களின் எம்.டெக். இடங்களுக்கான பொது இணையவாசலில் மூன்று விடைகள் உண்டு: ஏற்று உறுதி செய்தல், கையில் வைத்துக் காத்திருத்தல், மறுத்துக் காத்திருத்தல். முன்பதிவுச் சன்னலில் அமரும் நமக்கு இது பழகிய கணக்கு. போகாத பயணத்தின் சீட்டை ஒருவர் ரத்துச் செய்தால், காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்கு இடம் கிடைக்கும். வேண்டாத இடத்தை வைத்துக்கொண்டிருப்பது, முகமறியாத வேறொரு பிள்ளையை நடைமேடையிலேயே நிறுத்துவதாகும். அவள் தவணைக்கு முன்னரே ஏர்ப்பேட்டு இடத்தை விட்டுக்கொடுத்தாள்.

அன்பர்களே! நம் இல்லங்களிலும் இத்தகைய நாள் வரும். ஊரின் தொலைவையும் கலாசாலையின் பெயரையும் மட்டும் எண்ணாதீர்கள். அங்கே நாள்தோறும் என்ன செய்யவேண்டியிருக்கும், யார் வழிகாட்டுவார் என்று நேரில் சென்று கேளுங்கள். பின்னர்ப் பிள்ளையின் மனத்தையும் கேளுங்கள். அடகுப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் ஏர்ப்பேடுவரை ஒரு சீட்டு வாங்குவது பெருஞ்செலவன்று.