எடைக்குப் போட்ட இன்ஜின்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் வைத்தியநாதர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. வாசலை ஒட்டிய தகரக் கொட்டகையில் அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, 1978-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். சென்னையில் செய்த வண்டி. 948 சிசி இன்ஜின், நாற்பது குதிரைத்திறனைத் தொடாது.

ஹெரால்டில் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கமே அப்படியே முன்னால் சாயும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அப்படித்தான் உட்கார்ந்து வால்வு இடைவெளி பார்ப்பார். பத்து தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு) தகட்டை நுழைத்து இழுக்கும்போது லேசாகப் பிடித்து வர வேண்டும். டார்ச் பிடிப்பது என் வேலை.

அப்பா போன பிறகு வண்டி புகை தள்ள ஆரம்பித்தது. மதுரைக்குப் போகும்போது கிருஷ்ணன்கோவில் தாண்டுவதற்குள் சூடேறி நின்றுவிடும். அப்பா காலத்து மெக்கானிக் அண்ணாச்சி பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, போர் போட்டு, பிஸ்டன் மாத்தி, கிராங்க் கிரைண்டிங் பண்ணினா 42,000 ஆகும். அப்பா ஓட்டின மாதிரியே ஓடும்."

அப்பா ஓட்டின மாதிரி ஓடுவது எனக்குப் போதவில்லை. இதே சேஸிஸைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் ஹெரால்டை முதலில் செய்த டிரையம்ஃப் கம்பெனி 1962-ல் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. அது தலைக்குள் ஏறிவிட்டது. மாருதி ஜிப்சியின் 1298 சிசி இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் சேர்த்து 65,000-க்குக் கிடைத்தன. அண்ணாச்சி சொன்ன 42,000-க்கு மேல் 23,000 கூடக் கொடுத்தால் புது வண்டி மாதிரி ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன். அண்ணாச்சி மறுத்துவிட்டார். வேறொரு பட்டறையில் விட்டேன். இது 2018-ல்.

இன்ஜின் உட்கார பிராக்கெட் செய்ய வேண்டியிருந்தது. புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம் ஒத்துவரவில்லை. லேத்தில் வெட்டி, ஒட்டி, மதுரையில் பேலன்ஸ் பார்த்தோம். பழைய ரேடியேட்டர் இந்தச் சூட்டைத் தாங்கவில்லை. சைலன்சர், வயரிங் என்று ஒவ்வொன்றாக வந்தது. மூன்றாம் மாதம் டிஃபரன்ஷியலில் கிரவுன் பல் உடைந்தது. 35 குதிரைக்குச் செய்த பல்லை 60 குதிரையிடம் மாட்டிவிட்டிருந்தேன்.

அதுகூடப் பணத்தோடு போயிற்று. செண்பகத்தோப்பு ரோட்டில் ஒரு சாயங்காலம் நடந்ததுதான் இன்றும் தூக்கத்தில் வருகிறது. பின்சீட்டில் மகள். வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். ஹெரால்டின் பின் ஆக்சில் ஒரே குழாய் கிடையாது. நடுவில் டிஃபரன்ஷியலில் கீல் மாதிரி மாட்டிய இரண்டு பாதிகள். காலை எடுத்ததும் வண்டியின் பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடியும், பிடிமானம் போய்விடும். அப்படியே போயிற்று. வால் சுழன்று தென்னந்தோப்பு வரப்பில் இடித்து நின்றோம். மகளுக்கு நெற்றியில் சின்ன வீக்கம். அன்றிரவு மனைவி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். டிரையம்ஃபே 1966-ல் ஜி.டி.6 காரில் இதே பின் அமைப்போடு 2 லிட்டர் இன்ஜினை வைத்துவிட்டு, வளைவில் பின்பக்கம் நிற்கவில்லை என்ற புகார் வந்து, 1968-ல் அந்தச் சஸ்பென்ஷனையே மாற்றியது. நம்மூர் ஸ்டாண்டர்டு, அடுத்து வந்த கெஸலில் அதே 948 சிசி இன்ஜினை வைத்துக்கொண்டே நேர் ஆக்சிலுக்குப் போய்விட்டது. கார் செய்தவர்களே பின்வாங்கிய இடத்தில் என் பிள்ளையை உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன்.

முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டு முடித்தபோது மொத்தம் 1,76,500. நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.

2021-ல் பதிவைப் புதுப்பிக்கப் போனேன். ஆர்.சி.யில் இருந்த எண் இன்ஜினில் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி, பதிவில் உள்ள விவரம் கம்பெனி குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொல்லியிருந்தது. ஆய்வாளர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பழைய இன்ஜின் இருக்கா சார்?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை. இடத்தை அடைக்கிறது என்று காயலான் கடையில் எடைக்குப் போட்டிருந்தேன். ஓடிப்போய்க் கேட்டேன். அந்த லோடு உருக்காலைக்குப் போய் ரெண்டு வருஷம் ஆகிவிட்டது என்றார்கள். எண் பொறித்த அந்த பிளாக்கின் பக்கவாட்டை அப்பா மண்ணெண்ணெய் துணியால் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தார்.

சென்ற மாதம் கோயம்புத்தூரில் இன்னொரு 948 இன்ஜின் கிடைத்தது. பில்லோடு வாங்கி வந்து கொட்டகையில் பலகை மேல் வைத்திருக்கிறேன். எண் வேறு, அதனால் பதிவு அலுவலகத்தில் முதலில் மனுக் கொடுத்திருக்கிறேன், அனுமதி வராமல் அதை வண்டியில் மாட்டுவதாக இல்லை. அண்ணாச்சிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. நேற்று வந்து, வால்வு மூடியைக் கழற்றச் சொல்லி, அப்பாவின் பத்து தௌ தகட்டை வாங்கி விரலாலேயே தடவி நுழைத்துப் பார்த்தார். நான் டார்ச் பிடித்தேன்.