மண் போகும் வழியே ஒரு பயணம்

கேமரன் மலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தானா ராத்தாவையும் பிரிஞ்சாங்கையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் ஒருமுறை ஹபுவிலிருந்து லெம்பா பெர்த்தாம் வரை இறங்கிப் பாருங்கள்.

ஒரு பள்ளி விடுமுறையில் நானும் நண்பரும் மோட்டார் சைக்கிளில் அப்படித்தான் புறப்பட்டோம். 1929-இல் போ நிறுவனம் தேயிலை பயிரிடத் தொடங்கிய பகுதி ஹபு. தார்ச்சாலையை விட்டுத் திரும்பினால் சரளைக்கல் பாதை. இறக்கத்தில் முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கிவிடும். முதல் கியரில் மெல்ல உருட்டவேண்டும். ஏற்றத்தில் பின்னால் இருப்பவர் இறங்கி நடப்பதே நல்லது. நண்பர் பாதி வழி நடந்தே வந்தார்!

மெல்லப் போனதால் ஒன்றைக் கண்டோம். தேயிலை நெருங்கி நிற்கும் சரிவில் மண் அசையாமல் கிடந்தது. காய்கறிக்காக வெட்டித் திறந்த சரிவிலோ முந்திய இரவு மழை வாய்க்கால் வாய்க்காலாக அறுத்திருந்தது. அந்த மண் எல்லாம் எங்கே போகிறது? ஓடைகளில் இறங்கி ரிங்லெட் ஏரியில் படிகிறது.

அந்த ஏரியைத் தாங்கி நிற்பதுதான் 1963-இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணை. ஏரித் தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கவழி சென்று பேராவில் மின்சாரம் தருகிறது. ஏரியில் மண் ஏற ஏற, தண்ணீருக்கு இடம் குறைகிறது; பெருமழையில் அணையைத் திறந்துவிட நேர்கிறது.

அணைக்குக் கீழே இருப்பது லெம்பா பெர்த்தாம். 2013 அக்டோபர் 23-ஆம் நாள், ஊர் உறங்கும் வேளையில், திறந்துவிட்ட வெள்ளம் அங்கே வீடுகளையும் வாகனங்களையும் அடித்துச் சென்றது, உயிர்களும் போயின.

ஆற்றோரம் குடியிருக்கும் குடும்பங்களே, அபாயச் சங்கு ஒலித்தால் சாமான்களைத் தேடாதீர்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். மலையில் மண்வெட்டி பிடிப்பவர்களே, சரிவை வெறுமையாக விடாதீர்கள். கீழேயும் நம் மக்கள்தாம் இருக்கிறார்கள்.