சேவல் போன பிறகு

முட்டை முந்தியா, கோழி முந்தியா என்ற வினா மிகப் பழையது. எங்கள் வீட்டில் எழுந்த வினா அதைவிடச் சிறியது. ஆனால் எங்களுக்குப் பெரியது.

எனது தேர்வுக் கட்டணத்துக்காக, வீட்டில் இருந்த ஒரே சேவலை அம்மா சந்தையில் விற்றுவிட்டார். அப்போது எங்கள் பெட்டைக்கோழி நான்கு முட்டைகள் இட்டிருந்தது. அடுத்த பத்து நாட்களில் மேலும் ஏழு இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்தது. எங்களுடையது தோட்டத்து வீடு. அக்கம்பக்கத்தில் வேறு சேவல் கிடையாது.

"சேவல் இல்லாம போட்ட ஏழும் கூமுட்டைதான் தம்பி. கடையில குடுத்துடலாம்" என்றார் அம்மா.

விலங்கியல் வகுப்பில் படித்தது எனக்கு நினைவு வந்தது. சேவலே இல்லாவிட்டாலும் கோழி முட்டையிடும். அதில் குஞ்சு உண்டாகாது. ஆனால் சேவலோடு சேர்ந்த கோழியின் முட்டைக் குழாயில், கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்களில், விந்தணுக்கள் இரண்டு வாரம் வரைகூட உயிரோடு தங்கியிருக்கும். இடப்பக்கச் சூலகத்திலிருந்து விடுபடும் மஞ்சள் கரு, குழாயின் புனல் போன்ற வாயில் விழுந்து, ஏறத்தாழக் கால் மணி நேரத்துக்குள் கருவுற வேண்டும். பிறகு வெள்ளைக்கரு அதனைச் சூழ்ந்துகொள்ளும். மேல் ஓடு உருவாக மட்டும் சுமார் 20 மணி நேரம் ஆகும்.

"எல்லாத்தையும் வெச்சுப் பாரும்மா" என்றேன்.

ஏழு முட்டைக் காசு எங்களுக்குச் சிறிய தொகையன்று. ஆயினும் என் படிப்பை நம்பி, பதினொன்றையும் அம்மா கூடையில் அடை வைத்தார். வழக்கப்படி ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டார். நான் முட்டைகளின் மேல் பென்சிலால் அடையாளமிட்டேன்.

ஏழாம் நாள் இரவு டார்ச் விளக்கின் முன் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தோம். உள்ளே சிலந்தி கால் விரித்தாற்போலச் சிவப்பு நரம்புகள்! கடைசியாக இட்ட முட்டை மட்டும் வெறுமையாக இருந்தது. கோழியின் சேமிப்பு அதற்குள் தீர்ந்துவிட்டது போலும்.

21ஆம் நாள் ஒன்பது குஞ்சுகள் வெளிவந்தன. சேவல் இருந்தபோது இட்ட முட்டைகளிலும் ஒன்று பொரியாமல் போயிற்று.

குஞ்சுகளைப் பார்த்தபடி அம்மா சொன்னார்: "சேவல வித்துட்டோம்னு நெனச்சேன். அது விட்டுட்டுத்தான் போயிருக்கு."

நான் இரண்டு பக்கம் எழுதும் விடையை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அந்தச் சேவலின் விலையில் எழுதப்போகும் தேர்வை நன்றாக எழுத வேண்டும் என்று அன்று உறுதி கொண்டேன்.