முதற்பிரதியைக் காப்போம்

நமது பங்கின் முதிய உபதேசியார் ஊர் வரலாற்றைச் சொல்லக் கேட்டு, அதனை ஒளிப்பதிவாக மேசைக் கணினியில் வைத்திருந்தோம். சில மாதங்களில் அவர் இறைவனடி சேர்ந்தார். பணிமாற்றம் வரவே, அப்பதிவை நமது மடிக்கணினிக்குக் கொண்டுசெல்ல விழைந்தோம்.

32 ஜிபி பென் டிரைவ் வெறுமையாய் இருந்தும், கோப்பு மிகப் பெரிதென்று மறுத்தது. திகைத்து நின்ற நமக்குப் பங்கு இளைஞர் ஒருவர் விளக்கினார்: “சாமி, இது ‘ஃபேட் 32’ அமைப்பு. 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்காது. உங்களுடையதோ 6 ஜிபி. 2006-இல் வந்த ‘எக்ஸ்ஃபேட்’ அமைப்புக்கு மாற்றினால் ஏற்கும். மாற்றும்போது உள்ளிருப்பவை அழியும், இதில்தான் ஒன்றுமில்லையே!”

மாற்றியதும் நாம் ‘கட்’ கொடுக்கப் போனோம். “வேண்டாம் சாமி, ‘காப்பி’ கொடுங்கள்” என்று தடுத்தார். நல்லதாயிற்று! வெளியேற்றும் கட்டளை தராமல் அவசரத்தில் பென் டிரைவைப் பிடுங்கினோம். முற்றும் எழுதப்படாத கோப்பு மடிக்கணினியில் திறக்கவேயில்லை. மூலம் இருந்ததால் மறுமுறை பொறுமையுடன் எடுத்து, இறுதிவரை ஓடவிட்டுப் பார்த்தோம். உபதேசியாரின் குரல் தெளிவாய் ஒலித்தது.

அன்பர்களே, போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் காணும்வரை முதற்பிரதியை அழியாதிருப்போம். மாண்டவரை மீண்டும் பேசச் சொல்ல நம்மால் இயலாதன்றோ!