வேகத்தின் விலை

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கும் இரும்பு கடைகிற யந்திரத்துக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு உண்டு. கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு என் படிப்பு நின்றது. இவனை என்ன செய்வது என்று வீட்டில் யோசித்து, கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்த மாமாவிடம் அனுப்பிவைத்தார்கள். எட்டு மாதம் அங்கே இருந்தேன். உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒரே ஒரு விஷயம். அதையும் ஒரு ஷாஃப்டைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

பட்டறை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு சின்ன லேத், ஒரு சாணைக்கல், சுவரில் முருகன் படம். லேத்தின் வேகத்தை மாற்ற வேண்டுமானால், அதை நிறுத்தி, படிப்படியாக அமைந்த புல்லியில் பெல்ட்டை அடுத்த படிக்குத் தள்ள வேண்டும். அவ்வளவுதான்.

மாமா அதிகம் பேசமாட்டார். முதல் நாள் மட்டும் சொன்னார்: “மாப்ளே, மூணு சங்கதிதான். இரும்பு எத்தனை வேகமாச் சுத்துது, டூல் ஒரு சுத்துக்கு எத்தனை தூரம் நகருது, எத்தனை ஆழம் கடிக்குது. மூணையும் ஒரே நேரத்துல ஏத்த ஆசைப்படாதே.”

மூன்றில் முதலாவதற்கு எனக்குக் கணக்குத் தெரிந்தது. டூலின் முனைக்கு எதிரே நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர் இரும்பு ஓடுகிறது என்பதுதான் வெட்டும் வேகம். ஹைஸ்பீடு ஸ்டீல் டூலால் நடுத்தரக் கார்பன் எஃகைக் கடைவதற்கு நிமிஷத்துக்கு 25 மீட்டர் என்று ஆரம்பிக்கலாம். 40 மில்லிமீட்டர் ஷாஃப்டின் சுற்றளவு ஏறக்குறைய 125 மில்லிமீட்டர். ஆகவே நிமிஷத்துக்கு 200 சுற்று. விட்டம் பாதியானால் சுற்று இரட்டிப்பாகும். மாமாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அவர் பார்ப்பது சுருளின் நிறத்தை. வெள்ளியாக வந்தால் சரி. வைக்கோல் நிறமானால் கவனி. நீலமானால் பெல்ட்டை இறக்கு. இரண்டு பேருக்கும் விடை ஒன்றாகவே வந்தது. அதனால் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டாகிவிட்டது.

ஒரு சித்திரை மாதம், பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தம் பம்பு மோட்டாரின் ஷாஃப்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். பேரிங் உட்காரும் இடம் தேய்ந்துபோயிருந்தது. தோட்டத்தில் வாழை காய்ந்துகொண்டிருந்தது. மாமா புதுக் கம்பியை மாட்டி, முக்கால் வேலையை முடித்தார். பேரிங் இடத்தை மட்டும் என்னிடம் விட்டு, “பெல்ட்டைத் தொடாதே” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

விவசாயி கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஏனுங் தம்பி, அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிரலாமுங்களா?” என்றார்.

அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பெல்ட்டை அடுத்த படிக்குத் தள்ளினேன். 200 சுற்று 330 ஆயிற்று.

முதலில் எல்லாம் அழகாகத்தான் நடந்தது. பிறகு சுருள் நீலமாயிற்று. டூல் கீச்சென்று கத்தியது. இரும்பின்மேல் கண்ணாடிபோல் ஒரு பளபளப்பான பட்டை தெரிந்தது. அதை நல்ல வழவழப்பு என்று நம்பினேன். முனை மழுங்கி, வெட்டுவதை விட்டு உரசுகிறது என்பது எனக்குத் தெரியவில்லை. மைக்ரோமீட்டரை வைத்தேன். சரியாக 40. விவசாயி சிரித்தார், நானும் சிரித்தேன்.

மாமா வந்து ஷாஃப்டின்மேல் கையை வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பீடி பிடித்தார். இன்னும் ஒன்று பிடித்தார். அப்புறம், “இப்ப அள” என்றார்.

நூறில் இரண்டரைப் பங்கு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. 40 மில்லிமீட்டர் எஃகு 50 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய அவ்வளவுதான் விரியும். சூட்டில் அளந்தேன், ஆறியதும் சுருங்கிவிட்டது. பேரிங் தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது.

“பஞ்ச்சால புள்ளி குத்தினா இறுகிடும் மாமா” என்றேன். சில இடங்களில் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

“இன்னிக்கி இறுகும். ஆவணியில லூஸாகும். அப்ப அவரு வாழைக்கு நடுவுல நின்னு நம்மளை நினைப்பாரு.”

அன்று அவர் ஊர் போய்ச் சேரவில்லை. பட்டறை வாசலில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். மாமா ராத்திரி முழுவதும் வேறொரு ஷாஃப்ட் கடைந்தார். நான் பக்கத்தில் நின்றேன். முதலில் ஆழம்: அந்தச் சின்ன லேத் அதிராமல் தாங்குகிற மட்டும். அப்புறம் ஃபீடு: சுற்றுக்கு 0.2 மில்லிமீட்டர். இடையில் டூல் அலறியது. நான் ஃபீடைக் குறைக்கப் போனேன். மாமா கையைத் தட்டிவிட்டுக் கொஞ்சம் கூட்டினார். சத்தம் அடங்கிவிட்டது. கடிக்க இரும்பு போதாமல் உரசினாலும் டூல் அலறுமாம். கடைசி வெட்டுக்கு ஃபீடைப் பாதியாக்கினார். பெல்ட்டை மட்டும் அவர் தொடவே இல்லை. விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு விவசாயி புறப்பட்டார். கூலி ஒரு ஷாஃப்டுக்குத்தான்.

பல வருஷங்களுக்குப் பிறகு எஃப். டபிள்யூ. டெய்லர் என்ற அமெரிக்கரைப் பற்றிப் படித்தேன். 1880-ல் பிலடெல்பியாவில் ஓர் எஃகு ஆலையில் ஆரம்பித்து, 26 வருஷம் இதே மூன்று சங்கதிகளைச் சோதித்தவர். எட்டு லட்சம் பவுண்டுக்கு மேல் இரும்பையும் எஃகையும் சுருளாக்கிவிட்டு, 1906-ல் முடிவுகளை வெளியிட்டார். ஆழத்தைக் கூட்டினால் டூலுக்குக் கொஞ்சம் நஷ்டம். ஃபீடைக் கூட்டினால் அதைவிட அதிகம். வேகத்தைக் கூட்டினால் சர்வ நாசம். அவர் சூத்திரத்தை ஹைஸ்பீடு ஸ்டீலுக்குப் போட்டுப் பார்த்தால், வேகம் இரட்டிப்பானதும் முனையின் ஆயுள் பாதியாவதில்லை. ஏறத்தாழ இருநூற்றைம்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. என் 200-க்கும் 330-க்கும் கணக்குப் பார்த்தேன். ஒரு மணி நேரம் நிற்க வேண்டிய முனை ஒரு நிமிஷம் நிற்கும்!

மாமா இப்போது இல்லை. இந்தக் கணக்கை அவரிடம் காட்டியிருந்தால், “அதான் பெல்ட்டைத் தொடாதேன்னேன்” என்றிருப்பார். அந்த ஷாஃப்டைப் பற்றி மட்டும் அவர் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பத்திரிகை ஆசிரியர்கள் அவசரப்படுத்தும்போது நானும் சில சமயம் பெல்ட்டைத் தள்ளிவிடுகிறேன். அத்தியாயம் பளபளவென்று வருகிறது. ஆனால் இப்போதெல்லாம் உடனே அளந்து பார்ப்பதில்லை. ஒரு ராத்திரி ஆறவிடுகிறேன்.