தோணிரேவும் மூணு ஆப்பரேட்டிங் சிஸ்டமும்

ரொம்ப நாளா எழுதணும்னு வெச்சிருந்த மேட்டர் இது. பொட்டி தட்டுற மக்களுக்கு உபயோகப்படும். தட்டாதவங்களும் தைரியமா படிக்கலாம் :-)

முதல்ல வீட்டு நிலவரம். சொந்த ஊர் பழவேற்காடு ஏரிக்கரை. நான் வெச்சிருக்கறது மேக். தங்கச்சி லினக்ஸ். காரணம், பன்னெண்டாவதுல எனக்குக் கவர்மெண்ட் குடுத்த லேப்டாப் இப்ப அவகிட்ட. 2011ல ஆரம்பிச்ச அந்தத் திட்டத்துல வந்த பொட்டியில விண்டோஸும் இருக்கும், சி-டாக்கோட பாஸ் லினக்ஸும் இருக்கும். எங்க குப்பத்துல நிறைய வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டரே அதான். சித்தப்பா பையன் ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கான், அங்க விண்டோஸ். மத்தவங்க எல்லாரும் ஆண்ட்ராய்டு போன்.

போட்டோ ஒரு ஆறாயிரம் தேறும். மகிமை மாதா கோயில் திருவிழா, கல்யாணம், வலை இழுக்கறது, புதுசா தண்ணியில எறக்கின ஃபைபர் போட்... இது போக சுனாமிக்குத் தப்பின ஆல்பங்கள்ல இருந்து ஸ்கேன் பண்ணின முன்னூறு படம். விஷயமே அந்த முன்னூறுதான். அதுல இருக்கறவங்க யாருன்னு சொல்லத் தெரிஞ்ச ஒரே ஆள் எங்க பெரியப்பா. வயசு எழுபத்தெட்டு.

"இவன் உங்க தாத்தாவோட பாடு முறையில ஒண்ணா வலை போட்டவன்டா. இது ஸ்ரீகரிகோட்டாவுல ராக்கெட் எடம் வந்தப்போ தீவுல இருந்து கெளம்பி வந்த குடும்பம்." இப்படி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கதை வரும். ஏரியில யாரு எந்த எடத்துல என்னிக்கு வலை போடறதுன்னு முறை வெச்சுப் பிரிச்சுக்கறதுக்குப் பேருதான் பாடு. அங்க முதல் ராக்கெட் போனது 1971 அக்டோபர்ல. அந்த ஜனங்களோட முகம் தெரிஞ்சவங்க இன்னிக்கு எத்தனை பேரு இருக்காங்க?

ஆக, நான் தேடினது அழகா படம் காட்டற மென்பொருளை இல்ல. பெரியப்பா சொல்ற பேரை ஒரு தடவை எழுதினா அது மூணு ஆப்பரேட்டிங் சிஸ்டத்துலயும் தெரியணும். அந்த மென்பொருளே செத்தாலும் பேரு சாகக்கூடாது.

செத்துப்போகுமான்னு கேக்காதீங்க. பிக்காசாவை 2004ல கூகுள் வாங்கினாங்க. 2006ல வைன் துணையோட லினக்ஸுக்கு வந்துச்சு, 2009ல மேக்குக்கும் வந்துச்சு. மூணுலயும் ஓடின தங்கமான சாமான். 2016 மார்ச்ல மூடிட்டாங்க. முகத்துக்கு வெச்ச பேரைப் படத்துக்குள்ளயே எழுதற வசதி அதுல பிந்தின பதிப்புலதான் வந்துச்சு, அதுவும் நாமளா டிக் போட்டாத்தான்.

மத்த ஆளுங்களையும் பார்த்துடலாம்.

1. கூகுள் போட்டோஸ்: பிரவுசர் இருந்தா எங்கயும் ஓடும். அளவில்லாத இலவசம் 2021 ஜூன் 1ஓட முடிஞ்சுது. மொத்தமா இறக்கினா, நாம எழுதின குறிப்பு பக்கத்துல தனி ஜேசன் ஃபைலா வரும்.

2. ஆப்பிள் போட்டோஸ்: ஆப்பிள் வீட்டுக்குள்ள மட்டும். ஷாட்வெல்: லினக்ஸ் வீட்டுக்குள்ள மட்டும்.

3. லைட்ரூம்: விண்டோஸ், மேக் உண்டு. லினக்ஸ் கிடையாது. சந்தா வேற.

4. எக்ஸ்என்வியூ எம்பி: மூணுலயும் ஓடும், சொந்த உபயோகத்துக்குக் காசு இல்ல. பழைய பொட்டியிலயும் சுறுசுறுப்பா இருக்கும்.

5. டிஜிகேம்: கேடிஇ ஆளுங்களோட ஓப்பன் சோர்ஸ் சரக்கு. மூணுலயும் ஓடும். முகத்தைப் பிடிச்சுப் பேரு வைக்கலாம். மெனு ஒரு காடு. முகம் கண்டுபிடிக்க ஆரம்பத்துல சில நூறு எம்பி தனியா இறக்கச் சொல்லும்.

இப்படி லிஸ்ட் போட்டுப் பார்த்தா எல்லாமே நல்லவங்க மாதிரிதான் தெரியும். அதனால ஒரு பரீட்சை வெச்சேன். ஐம்பது படத்துக்குத் தமிழ்ல பேரும் குறிப்பும் எழுதறது. அப்புறம் மென்பொருளோட டேட்டாபேஸை அழிச்சுடறது. படத்தை மட்டும் எடுத்துட்டுப் போயி இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்துல, இன்னொரு மென்பொருள்ல திறக்கறது. பேரு வந்தா பாஸ். வரலைன்னா பேரு அந்த மென்பொருளுக்குத்தான் சொந்தம், உங்களுக்கு இல்ல.

இதுல டிஜிகேம் பாஸ். ஆனா செட்டிங்ஸ்ல மெட்டாடேட்டா பக்கம் போயி, குறிப்பு, டேக், முகம் எல்லாத்தையும் ஃபைலுக்குள்ள எழுதுன்னு டிக் இருக்கான்னு பார்த்துக்கணும். அது எழுதற இடம் எக்ஸ்எம்பி. 2001ல அடோபி கொண்டு வந்தது. யூனிகோட், அதனால தமிழ் சிதறாது. பழைய எக்ஸிஃப் குறிப்புப் பெட்டி ஆங்கில எழுத்துக்காக மட்டும் செஞ்சது, அங்க தமிழை நம்பி வைக்காதீங்க. சந்தேகம் இருந்தா எக்ஸிஃப்டூல்னு ஒரு இலவசக் கருவி இருக்கு, படத்துக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு புட்டுப்புட்டு வெச்சிடும்.

ஃபோல்டருக்குத் தமிழ்ல பேரு வெச்சா போதாதான்னு கேப்பீங்க. தோணிரேவு, எங்க பக்கத்து ஊரு. அதுல வர்ற 'ோ' இருக்கே, யூனிகோட்ல அதை ஒரே குறியாவும் சேமிக்கலாம், முன்னாடி கொம்பு தனி பின்னாடி கால் தனின்னும் சேமிக்கலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். மேக்கோட பழைய ஃபைல் சிஸ்டம் எச்எஃப்எஸ் பிளஸ் பிரிச்சுத்தான் வெச்சுக்கும். 2017ல வந்த ஏபிஎஃப்எஸ் குடுத்தபடியே வெச்சுக்கும். லினக்ஸுக்கு ரெண்டும் வேற வேற பேரு. பழைய மேக் டிஸ்க்ல ஜிப் போட்டு லினக்ஸ்ல பிரிச்சா, ரெண்டு தோணிரேவு பக்கத்துல பக்கத்துல நிக்கும்! கோட்டைக்குப்பமும் அதே கதை. பழவேற்காடு தப்பிச்சிடுச்சு, அதுல அந்த எழுத்து இல்ல :-) அதனால ஃபோல்டருக்கு 2019-08-15 மாதிரி எண் மட்டும். தமிழ் எல்லாம் படத்துக்குள்ள.

அப்புறம் வாட்ஸப். ஊர்ல பாதி படம் அது வழியாத்தான் வருது. போட்டோவா அனுப்பினா சுருங்கும், உள்ள இருக்கற தேதி, இடம், பேரு எல்லாம் போயிடும். டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க. எங்களுக்கு இது பெரிய விஷயம். ஏரி முகத்துவாரம் மணல் அடிச்சு மூடிக்கும், தூர் வாருவாங்க, மறுபடி மூடிக்கும். மூடினா படகு கடலுக்குப் போக வழி இல்ல, மீனும் இறாலும் உள்ள வராது. எந்த மாசம் எங்க திறந்திருந்துச்சுன்னு நாளைக்கு யாராவது கேட்டா, தேதியும் இடமும் உள்ள இருக்கற போட்டோ பேசும். அது இல்லாதது வெறும் மணல் படம்தான்.

எல்லாத்தையும் எக்ஸ்ஃபேட் போட்ட ஹார்ட் டிஸ்க்ல வெச்சிருக்கேன். மூணு சிஸ்டமும் படிக்கும், எழுதும். 2019ல வந்த 5.4 கெர்னல்ல இருந்து லினக்ஸுக்குள்ளயே அது இருக்கு. டேட்டாபேஸ் மட்டும் அந்தந்தப் பொட்டியில தனித்தனியா. அது போனா போகட்டும், படத்தைப் படிச்சுத் திரும்பக் கட்டிக்கும். இதே மாதிரி இன்னொரு டிஸ்க் தங்கச்சிகிட்ட இருக்கு.

எங்க ஊர் டச்சுக் கல்லறைக்குப் போனவங்களுக்குத் தெரியும். பதினேழாம் நூற்றாண்டுல செத்தவங்க பேரு இன்னிக்கும் வாசிக்கற மாதிரி இருக்கு. பேரைக் கல்லுலயே வெட்டினாங்க, அதான் காரணம். எந்த மென்பொருளை எடுத்தாலும் நான் பார்க்கறது இதைத்தான்: பேரு கல்லுல இருக்கா, பக்கத்து ரெஜிஸ்டர்ல இருக்கா?

இந்தப் பொங்கல் லீவுல பெரியப்பாவை உக்கார வெச்சு நூத்தி நாப்பது படம் முடிச்சோம். அவரு சொல்லச் சொல்லத் தங்கச்சி டைப் பண்ணினா. நாலு முகம் அவருக்கே தெரியலை. "எங்கப்பா இருந்தா சொல்லியிருப்பாரு"ன்னாரு. மீதி நூத்தி அறுபது இருக்கு. மென்பொருள் எதுன்னு யோசிச்சுட்டே இருக்காதீங்க மக்களே, உங்க வீட்டுப் பெரியவங்களை முதல்ல உக்கார வைங்க.