அப்பாவின் மருந்துக்கு ஒரு தனி பேட்டரி

ரந்தாவ் அபாங் கடற்கரையை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. 1970களில் தோட்டத்து நண்பர்களோடு பஸ் ஏறிப் போய், மலாயில் ‘பெலிம்பிங்’ எனப்படும் ராட்சதக் கடலாமை நள்ளிரவில் கரையேறி முட்டையிடுவதைப் பார்த்தவர். இப்போது இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மருந்து சூட்டில் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் வெளியூரில் தங்குவதையே விட்டுவிட்டார்.

அதற்காகவே எங்கள் பழைய வேனில் படுக்கையோடு, 12 வோல்ட்டில் ஓடும் சிறிய ஐஸ்பெட்டியும் வைத்தேன். காராக் நெடுஞ்சாலை, கிழக்குக்கரை நெடுஞ்சாலை வழியாக முதல் நாள் செராத்திங் போய்ச் சேர்ந்தோம். கடலோரத்து ரூ மரங்களின் அடியில் வண்டியை நிறுத்தி, அலைச் சத்தத்தில் தூங்கினோம். ஐஸ்பெட்டி, மின்விசிறி, விளக்கு எல்லாம் வண்டியின் ஒரே பேட்டரியில் ஓடின.

காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ மட்டுமே. ஐஸ்பெட்டியும் நின்றிருந்தது. மருந்து டப்பாவைக் கையில் பிடித்தபடி அப்பா ஒன்றும் பேசவில்லை. நாசி டாகாங் விற்ற பாக்சிக் ஒருவர் தன் காரைக் கொண்டுவந்து, ஜம்பர் கேபிள் போட்டு வேனைக் கிளப்பிவிட்டார். ரந்தாவ் அபாங் போகாமலேயே வீடு திரும்பினோம். “இனிமே என்னைக் கூப்பிடாதப்பா” என்றார் அப்பா.

ரவாங்கில் எனக்குத் தெரிந்த போர்மேன் அண்ணன் சிரித்தார். “வண்டியக் கிளப்புற பேட்டரி நூறு மீட்டர் ஓட்டக்காரன், தம்பி. ராத்திரி முழுக்க நடக்கச் சொன்னா படுத்துடுவான். நடக்குறதுக்கு வேற ஆள் வேணும்.”

அந்த ‘வேற ஆள்’, 100 ஆம்பியர்-மணி கொண்ட மூடிய வகை டீப் சைக்கிள் பேட்டரி. ஐஸ்பெட்டிக்கும் விசிறிக்கும் ஓர் இரவுக்குச் சுமார் 30 போதும். பாதிக்கு மேல் தீர்க்காமல் இருந்தால் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும். இரண்டு பேட்டரிக்கும் நடுவில் ஒரு ரிலே. இஞ்சின் ஓடி மின்னழுத்தம் 13.3 வோல்ட்டைத் தாண்டினால் இரண்டையும் இணைக்கும், 12.8க்குக் கீழே இறங்கினால் பிரித்துவிடும். இரவில் பின்னால் எவ்வளவு செலவானாலும் முன் பேட்டரி தப்பிக்கும்.

பணத்தை மிச்சம் பிடிக்க நானே வயர் இழுத்தேன். முன்னால் 14.2 வோல்ட், ஆறு மீட்டர் தள்ளி, பின் பேட்டரியில் 13.1 தான். வயரைத் தொட்டால் சுட்டது. “2.5 மில்லிமீட்டர் வயர் வீட்டு பிளக்குக்கு. இதுக்கு 25 போடு” என்றார் அண்ணன். மாற்றியதும் பின்னால் 14.1 வந்தது. வயரின் இரு முனையிலும், பேட்டரியை ஒட்டியே ஆளுக்கொரு பியூஸ் போட வைத்தார். வயர் தேய்ந்து வண்டியின் இரும்பில் பட்டால், பியூஸ் இல்லாத இடத்தில் தீதான். உங்கள் வண்டி புதிய மாடலாக இருந்தாலோ, லித்தியம் பேட்டரி போடுவதாக இருந்தாலோ இந்த ரிலே பொருந்தாமல் போகலாம். டிசி-டிசி சார்ஜர் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா பேசிப் பேசியே அப்பாவைச் சம்மதிக்க வைத்தார். இந்த முறையும் அதே செராத்திங், அதே ரூ மரங்கள். விடியுமுன்னே எழுந்த அப்பா முதலில் ஐஸ்பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த வெப்பமானியைப் பார்த்தார். ஐந்து டிகிரி. பிறகு சாவியை அவரே திருப்பினார். ஒரே திருப்பு.

கெமாமான், பாக்கா, டுங்குன் தாண்டி ரந்தாவ் அபாங். பெலிம்பிங் இப்போது அநேகமாக அங்கே வருவதே இல்லை. வெறும் மணலும் அலையும்தான். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் அங்கேயே நின்றார். பிறகு திரும்பி, “இன்னிக்கு ராத்திரி இங்கயே தங்கலாமா?” என்றார்.